ஒரகடம் பேசுது, கேக்குதா?

1

ஜெர்மனியில் ஒரு பழக்கம் உண்டு. கொண்டாட்டம் யாருடையதோ அவரேதான் கேக் சுமந்துகொண்டு போக வேண்டும். நான் இந்த ஊருக்கு வந்து பதினோரு வருஷம் நிறைந்த அன்று, முதல் நாளே ஒரு ரவா கேக் செய்து, மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் அலுவலகம் போனேன். எல்லோரும் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினார்கள். என் மேலதிகாரி மார்ட்டின் மூன்றாவதும் சாப்பிட்டுவிட்டு, தன் பங்குக்கு எனக்கு ஒரு வேலை கொடுத்தார். சென்னைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஒரகடம் தொழிற்சாலையோடு வாராவாரம் நடக்கும் கூட்டத்துக்கு நல்லதாக வயர்லெஸ் ஸ்பீக்கர்போன் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கே ஒன்று, அங்கே ஒன்று.

அந்தச் சாமானைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய வட்டப் பெட்டி. மேஜை நடுவில் வைத்தால் சுற்றி இருப்பவர்கள் பேசுவதை வாங்கி அனுப்பும், எதிர்ப்பக்கம் பேசுவதைச் சத்தமாகச் சொல்லும். கம்பி கிடையாது. காலையில் சார்ஜ் போட்டால் சாயங்காலம் வரை தாங்கும்.

நாங்கள் செய்வது கார் கதவின் கைப்பிடி. வரைபடமும் சோதனையும் இங்கே, அசெம்பிளி ஒரகடத்தில். கூட்டம் இங்கே காலை ஒன்பது மணிக்கு. அப்போது அங்கே பன்னிரண்டரை, கேன்டீன் சாம்பார் மணக்கும் நேரம். கூட்டத்தை நீட்ட அங்கே யாருக்கும் மனசு வராது. இருப்பது மேனேஜர் கோபிநாத் சாருடைய லேப்டாப் ஒன்றுதான். அதன் கேமராவுக்கு அவர் முகம் மட்டும்தான் முகம், மைக்குக்கு அவர் குரல் மட்டும்தான் குரல். மற்றவர்கள் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு முனகல் வரும். மார்ட்டின் புருவத்தைத் தூக்குவார். நான் அந்த முனகலைப் புரிந்துகொண்டு, "கலைவாணி சொல்வது என்னவென்றால்" என்று ஆரம்பித்துத் திருப்பிச் சொல்வேன். என் நியமனக் கடிதத்தில் தர ஆய்வாளர் என்று போட்டிருக்கிறது. உண்மையில் பதினோரு வருஷமாக நான் பார்த்த உத்தியோகம் இதுதான்.

அன்று கேக் தட்டைக் கழுவும்போது மார்ட்டின் இன்னொரு செய்தியும் சொன்னார். புது மாடல் கைப்பிடிக்கு ஒரகடத்தில் தனியாக ஒரு லைன் வருகிறது. அதற்குப் பொறுப்பாக அங்கிருந்து ஒருவரை அவர் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்டோபர் முடிவதற்குள் பெயர் சொல்லியாக வேண்டும்.

"கலைவாணி" என்றேன். யோசிக்கவே இல்லை.

"கலைவாணியா? அவர் எந்தக் கூட்டத்திலும் வாயே திறப்பதில்லையே" என்றார் மார்ட்டின்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தட்டை அழுத்தித் துடைத்தேன்.

2

கலைவாணி யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் பிள்ளைப்பாக்கம், அவள் வல்லக்கோட்டை. இரண்டு பேரும் ஒரே வருஷம் டிப்ளமோ முடித்து, ஒரே வாரத்தில் கைப்பிடி லைனில் டிரெய்னியாகச் சேர்ந்தோம். காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் முதலில் என்னை ஏற்றும், பிறகு அவளை. ஜன்னலோர சீட்டை அவளுக்காகப் பிடித்து வைத்திருப்பேன். ஏறின இரண்டாவது நிமிஷம் என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள், கம்பெனி கேட்டில்தான் கண் திறப்பாள். அப்புறம் ஜன்னல் எதற்கு என்று நான் கேட்டதில்லை. கிருத்திகை அன்று முருகன் கோயில் கூட்டத்தில் பஸ் மாட்டிக்கொள்ளும். லேட் என்று சூப்பர்வைசர் திட்டினால், "முருகன் நிறுத்திட்டாரு சார், நாங்க இன்னா பண்றது?" என்று கேட்பாள். அவரும் நெற்றியில் விபூதி வைத்தவர்தான், மேலே பேச மாட்டார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஜெர்மனிக்கு ஒரு ஆளை இரண்டு வருஷத்துக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். வடிகட்டி வடிகட்டி கடைசியில் நாங்கள் இரண்டு பேர் மிஞ்சினோம். கோபிநாத் சார் அறையில், மேஜை டெலிபோனை ஸ்பீக்கரில் போட்டு இன்டர்வியூ. இரண்டு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் முதலில் உள்ளே நுழைந்தேன், டெலிபோனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். கலைவாணிக்கு மற்றது.

அவள் சொன்ன பதில் எதுவும் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. "ஒருவர் குரல்தான் கேட்கிறது" என்றார்கள். ஸ்பிரிங் உடைவதைப் பற்றி அவள் சொன்ன பதிலை நான்தான் திருப்பிச் சொன்னேன். என் பதிலைவிட அதுதான் நல்ல பதில். வேலை எனக்குக் கிடைத்தது.

இரண்டு வருஷம் பதினொன்றாகிவிட்டது. கல்யாணம் ஆகிக் கணவரும் இங்கே வந்தார், மகள் பிறந்தாள், வீடு வாங்கினோம். கலைவாணி ஒரு நாள் கூட அந்த நாற்காலியைச் சொல்லிக் காட்டியதில்லை. அவளுக்கு நினைவிருக்கிறதா என்பதே எனக்குத் தெரியாது. எனக்கு இருக்கிறது. ஸ்பீக்கர்போன் வாங்குகிற விஷயத்தில் நான் ஏன் இவ்வளவு மல்லுக்கட்டினேன் என்று யாராவது கேட்டால், அந்த நாற்காலிதான் காரணம்.

3

கடையில் போய்க் கேட்டால் விற்கிற அம்மாள் பெட்டியை மேஜையில் வைத்து, "ஒன்று, இரண்டு, மூன்று" என்று மெல்லச் சொல்லிக் காட்டுகிறார். அந்தக் கடையில் ஈ பறந்தால் கேட்கும். ஒரகடத்து மீட்டிங் ரூமுக்கும் லைனுக்கும் நடுவில் ஒரு அலுமினியத் தடுப்பு மட்டும்தான். இணையத்தில் விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் தனி அறையும் கனத்த திரைச்சீலையும் இருக்கும்போலிருக்கிறது. எனக்கு வேண்டியது கம்ப்ரசருக்கு நடுவில் மனுஷக் குரலைக் கண்டுபிடிக்கிற சாமான்.

அதனால் கலைவாணியிடம் கைபேசியில் கேட்டேன், மீட்டிங் ரூம் சத்தத்தை ஐந்து நிமிஷம் ரெக்கார்டு செய்து அனுப்பு என்று.

"இன்னாடி கேக்கற? சத்தமா?" என்றாள். "இங்க கம்ப்ரசர் ஓடுது, ஃபோர்க்லிஃப்ட் கத்திகினு கீது. அதைப் போயி எவனாச்சும் கேப்பானா? நல்லாதான இருக்க நீ?"

"அனுப்பேன்டி."

"குளிர்ல மூளை கீளை உறைஞ்சி போச்சா பாரு மொதல்ல" என்று சொல்லிவிட்டு, பத்து நிமிஷம் ரெக்கார்டு செய்து அனுப்பினாள்.

சமையலறையில் அதைப் போட்டுக் கேட்டேன். கம்ப்ரசர் மூச்சுவிடும் சத்தம், ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது அடிக்கும் பீப், யாரோ யாரையோ "டீ குடிச்சியா?" என்று கேட்பது, காற்றுத் துப்பாக்கி டப் டப்பென்று ஸ்க்ரூ முடுக்குவது. ஊருக்குப் போகிறபோதெல்லாம் கோயில், கல்யாணம், சொந்தக்காரர் வீடு என்று சுற்றிவிட்டு வந்துவிடுகிறேன். இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதினோரு வருஷமாகிறது. இவ்வளவு ஏக்கம் இதன்மேல் எனக்கு இருந்தது என்று எனக்கே தெரியாது. இரண்டு தடவை கேட்டேன்.

கடைக்காரர்களிடம் திருப்பித் தருகிற ஏற்பாட்டில் மூன்று பெட்டி வாங்கி வந்து சோதனை நடத்தினேன். வரவேற்பறையில் மியூசிக் பிளேயரில் ஒரகடம். சாப்பாட்டு மேஜையில் பெட்டி. சோபாவின் கோடியில் என் மகள் நிலா, ஒன்பது வயது, தமிழ்ப் பள்ளிப் புத்தகத்தை வாசிப்பாள். என் கணவர் அடுப்பில் கடுகு தாளிப்பார். நான் படுக்கையறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பேன்.

முதல் பெட்டி கம்ப்ரசரை அடக்கிவிட்டது, கூடவே நிலாவையும் அடக்கிவிட்டது. இரண்டாவது எதையும் விடவில்லை. கடுகு வெடிப்பது கூட எனக்குப் பட்டாசு மாதிரி கேட்டது. மூன்றாவது பெட்டிக்கு நாலு பக்கமும் நாலு மைக், குண்டூசித் துளை அளவில். யார் எந்தப் பக்கத்திலிருந்து பேசினாலும் அந்தப் பக்கத்துக் காதைத் திறந்து, சத்தத்தை விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் எடுத்துக்கொள்கிறது. சோபாக் கோடியிலிருந்து நிலா தப்பும் தவறுமாகப் படித்த ஒவ்வொரு எழுத்தும் படுக்கையறைக்கு வந்தது. இதுதான் என்று முடிவு செய்தேன்.

நிலாவின் தமிழைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த ஊர்த் தமிழ்ப் பள்ளியை நடத்துகிறவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள். அங்கே அவள் ஆமாம் என்பதற்கு "ஓம்" சொல்லக் கற்றாள். வாரத்தில் இரண்டு நாள் நான் வீட்டிலிருந்து வேலை செய்வதால் ஒரகடத்துக் கூட்டங்களும் கலைவாணியின் போன் பேச்சும் அவள் காதிலும் விழுகின்றன. அங்கிருந்து "இன்னா" கற்றாள். "ஓம் அம்மா, இன்னா வேணும்?" என்று அவள் கேட்கும்போது எந்த ஊர்ப் பிள்ளை என்று யாராலும் சொல்ல முடியாது. அதுவும் நாளுக்கு நாலு வாக்கியம்தான். மற்றதெல்லாம் ஜெர்மன். நான் தமிழில் கேட்பேன், அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள், இரண்டு பேரும் அதைக் கவனிக்காத மாதிரி இருந்துவிடுவோம்.

போன வருஷம் அவள் வகுப்பாசிரியை என்னிடம் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று வகுப்பில் கேட்டாராம். ஜெர்மன் என்று சொல்லியிருக்கிறாள் நிலா. தமிழ்? "அது தொழிற்சாலையில் பேசுகிற மொழி" என்றாளாம். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

4

பெட்டியைத் தேர்ந்தெடுப்பது சுலபம், வாங்குவதுதான் கஷ்டம்.

இங்கே தொழிலாளர் குழு ஒன்று உண்டு. மைக் உள்ள எந்தச் சாமானும் அவர்கள் சம்மதம் இல்லாமல் அலுவலகத்துக்குள் வர முடியாது. "இது பேச்சைப் பதிவு செய்யுமா? யார் எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று கணக்கு வைக்குமா?" என்று எட்டுப் பக்கம் கேள்வி. ஒரு கட்டத்தில், கருவி பணியாளர்களின் மனநிலையை அறிய வல்லதா என்று கேட்டிருந்தார்கள். அப்படி ஒன்று இருந்தால் முதலில் மார்ட்டினுக்கு வாங்கித் தரலாம் என்று எழுத ஆசை. "இல்லை" என்று எழுதினேன். குழு கூடும் நாளில் இரண்டு பேர் விடுமுறை. அடுத்த முறை கூடியபோது கையெழுத்து இல்லாத பக்கம் ஒன்று. ஆறாவது வாரம் சம்மதம் வந்தது.

ஒரகடத்தில் இந்தத் தொல்லை இல்லை, வேறு தொல்லை. எதை வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். நான் சொன்ன மாடலைச் சென்னையில் ஒரே ஒரு கடைதான் விற்கிறது. இரண்டாவது, மூன்றாவது கொட்டேஷனுக்கு எங்கே போவது? கடைசியில் அந்தக் கடைக்காரரே தெரிந்த இரண்டு கடைகளில் சொல்லி, கூடுதல் விலை போட்டு இரண்டு கொட்டேஷன் வாங்கித் தந்தார். சட்டப்படி மூன்று காகிதம் சேர்ந்துவிட்டது, பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் திருப்தியாகிவிட்டது. பிறகு, பில்லில் ஒரு பெயரும் அட்டைப்பெட்டியில் இன்னொரு பெயரும் இருக்கிறது என்று செக்யூரிட்டி கேட்டில் பெட்டியை மூன்று நாள் உட்கார வைத்தார்கள். கடைசியில் கலைவாணியே கேட்டுக்குப் போய்ச் சண்டை போட்டு எடுத்து வந்தாள். ஆயுத பூஜைக்கு முதல் நாள் அது மீட்டிங் ரூம் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

"வந்துட்டான்டி. நடுவுல பள்ளமா, வட்டமா, வடை மாதிரியே கீறான்" என்று குரல்பதிவு அனுப்பினாள். அன்றிலிருந்து அங்கே அதற்குப் பெயர் வடை.

5

பூஜை விடுமுறை முடிந்து முதல் கூட்டம். நான் பட்டுப் புடவை கட்டாத குறை. மார்ட்டினிடம், "இன்று பாருங்கள், ஒவ்வொருவர் குரலும் கேட்கும்" என்று இரண்டு முறை சொல்லி வைத்தேன்.

கோபிநாத் சார் பேசினார். பக்கத்து அறையிலிருந்து பேசுகிற மாதிரி அத்தனை தெளிவு. மார்ட்டின் தலையாட்டினார். பிறகு சார், "கலைவாணி, யூ டெல்" என்றார்.

பழைய முனகல்தான். பழைய லேப்டாப்பில் வந்ததைவிட மோசமான முனகல். வேறு ஒருவர் பேசினார், அதுவும் முனகல். சார் மறுபடி பேசினார், மணி மணியாகக் கேட்டது. மார்ட்டின் என்னைப் பார்த்தார். நான் வழக்கப்படி, "கலைவாணி சொல்வது என்னவென்றால்" என்று ஆரம்பித்தேன். எனக்கே பாதி புரியவில்லை. இருந்ததை வைத்து ஒப்பேற்றினேன்.

கூட்டம் முடிந்ததும் எனக்குள் ஒரு படம் ஓடியது. நான் வேலை பார்த்த காலத்து மீட்டிங் ரூம். மேஜையைச் சுற்றி மேனேஜர்கள். லைன் ஆட்கள் எல்லோரும் சுவரோரம் கைகட்டி நிற்போம். கூப்பிட்டால் ஒரு அடி முன்னால் வந்து பதில் சொல்லிவிட்டு மறுபடி சுவருக்குப் போவோம். சுவரோரம் நிற்க வைத்தால் எந்த மைக் வாங்கி என்ன பிரயோஜனம்? அந்த ஆத்திரத்தில் மார்ட்டினிடம், "அங்கே லைன் ஆட்களை உட்கார விட மாட்டார்கள், அதனால்தான் கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டேன். மார்ட்டின் முகம் இறுகிப்போனது. அதோடு நிற்காமல் கோபிநாத் சாருக்கும் போன் போட்டேன்.

"சார், வருஷம் இவ்வளவு ஆச்சு. இன்னும் எத்தனை நாளைக்குத்தான் அவங்களை நிக்க வெப்பீங்க? உங்க குரல் மட்டும் கேக்கறதுக்கா சார் அத்தனை பாடுபட்டு அந்தப் பொட்டியை வாங்கினோம்?"

அவர் எழுந்து அறைக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"சுமதி, நீ இருந்தப்ப நிக்க வெச்சது நான்தான்மா" என்றார் மெதுவாக. "அது தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா இப்ப யாரும் நிக்கறதில்ல. நாலு வருஷமாச்சு. உனக்கு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

6

ஒரு நிமிஷத்தில் போட்டோ அனுப்பினார், அன்று கூட்டம் நடந்தபோதே எடுத்தது. அறைக்குப் புதுசாக வெள்ளை அடித்திருந்தார்கள். பெரிய முட்டை வடிவ மேஜை, சுற்றிலும் பன்னிரண்டு நாற்காலி, பன்னிரண்டிலும் ஆட்கள். சாருக்கு நேர் எதிரில் கலைவாணி, முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்தபடி. நல்ல பெரிய குரலில் பேசிக்கொண்டிருக்கிறாள் என்று போட்டோவிலேயே தெரிந்தது.

மேஜை நடுவில் வடை. அதைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பெரிசாக்கினேன். இன்னும் பெரிசாக்கினேன். வடைக்கு இடது பக்கம் அழகாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். வலது பக்கம் ஒன்று. கலைவாணி பக்கம் ஒன்று. மேலே வாடிப்போன சாமந்தி.

கலைவாணிக்குப் போன் போட்டேன். சிரிப்பு அடக்க முடியவில்லை.

"பொட்டு யாருடி வெச்சது?"

"நான்தான். இன்னா அதுக்கு? பிரஸ் மெஷினுக்கு வெச்சோம், ஃபோர்க்லிஃப்டுக்கு வெச்சோம், அத்தோட ஸ்டியரிங்குக்கே வெச்சோம். புதுசா வந்தவனுக்கு வெக்காம வுட்டா நல்லாவா இருக்கும்? சந்தனம் நான் வெச்சேன், குங்குமம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டற டேவிட் வெச்சான்."

"எங்க வெச்ச?"

"அளவா, நாலு பக்கமும் சின்னதா ஓட்டை போட்டு அடையாளம் குடுத்திருந்தாங்க. அது மேல வெச்சா வரிசையா வரும்னு வெச்சேன்."

"அதாண்டி மைக்கு!"

"அய்யய்யோ" என்றாள். பிறகு, "நாலாவது பக்கம் வெக்கலயே" என்றாள் சமாதானமாக.

"ஏன் வெக்கல?"

"அங்க கம்பெனி பேர் போட்டிருந்துச்சு. பேர் மேல சந்தனம் பூசினா நல்லா இல்லன்னு வுட்டுட்டேன். பேர் இருக்கறதுதான முகம்? முகம் சார் பக்கம் பாத்தா மாதிரிதான் வெப்போம்."

ஆகக் கோபிநாத் சார் யாரையும் அடக்கவில்லை. மூன்று பக்கத்து வாயையும் பக்தியோடு அடைத்தது கலைவாணியேதான். நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வெட்கம் வந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் விட்டுவந்த அறையை அப்படியே மனசில் பூட்டி வைத்துக்கொண்டு, அதில் இன்னும் ஆட்களை நிற்க வைத்திருந்தது நான்தான். அதை வெள்ளைக்காரரிடம் வேறு சொல்லிவிட்டேன். ஊரைப் பற்றி இங்கே யாராவது குறைவாகப் பேசினால் சண்டைக்குப் போகிறவள் நான்.

சாருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். "வுடும்மா, நீ கோச்சுக்கலைன்னாதான் நான் பயப்படணும்" என்றார். மார்ட்டினிடம் நேரில் போய், நான் சொன்னது பழைய கதை, இப்போது எல்லோரும் உட்காருகிறார்கள் என்று சொல்லிவிட்டு, போட்டோவைக் காட்டிச் சந்தனத்தை விளக்கினேன். இயந்திரங்களுக்கு நன்றி சொல்கிற நாள் என்றேன். அவர் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். வருஷத்துக்கு எத்தனை முறை என்று கேட்டார். ஒரு முறை என்றேன். அப்படியானால் பராமரிப்பு அட்டவணையில் அதைச் சேர்த்துவிடலாமே என்றார். கேலி இல்லை, நிஜமாகவே சேர்த்தார். எங்கள் அட்டவணையில் இப்போது ஸ்பீக்கர்போனுக்கு நேராக, வருஷம் ஒரு முறை, பூஜைக்கு மறுநாள், துளைகளைச் சுத்தம் செய்யவும் என்று ஜெர்மனில் இருக்கிறது.

ஆனால் லைன் பொறுப்பைப் பற்றிக் கேட்டபோது மட்டும் அவர், "அடுத்த கூட்டம் வரை பார்க்கிறேன் சுமதி. நான் அவர் பேசிக் கேட்க வேண்டும். நீங்கள் பேசி அல்ல" என்றார்.

7

கலைவாணி பழைய பல் தேய்க்கும் பிரஷை வைத்து ஒரு மணி நேரம் சுரண்டினாளாம். "காது குடைஞ்ச மாதிரி சுத்தமா எடுத்துட்டேன்" என்றாள்.

கூட்டத்தன்று இங்கே இலையுதிர் கால விடுமுறை. நிலாவுக்குப் பள்ளி இல்லை என்பதால் வீட்டிலிருந்து வேலை செய்தேன். சாப்பாட்டு மேஜையில், சோதனைக்கு வாங்கித் திருப்பித் தராமல் நானே வைத்துக்கொண்ட மூன்றாவது பெட்டி, பக்கத்தில் நிலா கோகோ குடித்துக்கொண்டு ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். மாத முடிவுக்கு இரண்டு நாள்தான் பாக்கி.

சில கைப்பிடிகள் இழுத்துவிட்டால் முழுசாகத் திரும்பாமல் பாதியில் நிற்கின்றன என்று கார் கம்பெனியிலிருந்து புகார். ஸ்பிரிங்கில் கோளாறு என்று இங்கே ஒரு கட்சி. மார்ட்டின் அதைச் சொல்லி முடித்து, "கலைவாணி, உங்கள் கருத்து?" என்று ஆங்கிலத்தில் நேராகக் கேட்டார்.

"ஸ்பிரிங் இல்ல சார். ஸ்பிரிங் ஓகே" என்றாள் கலைவாணி.

வீடு முழுக்க அவள் குரல். அந்தக் குரலில் எப்போதும் இருக்கும் கரகரப்பு கூட அப்படியே வந்தது. பஸ்ஸில் என் தோளுக்குப் பக்கத்தில் கேட்ட குரல்.

"ஒன்லி செகண்ட் ஷிப்ட் பீஸ் சார். ஐ செக் தி ஷிப்ட் மார்க். ஆஃப்டர்நூன் வெயில் கம்ஸ் ஃப்ரம் ஷட்டர் சைடு. ரப்பர் ரிங் ட்ரே தேர் ஒன்லி..."

எனக்குப் புரிந்துவிட்டது. ஷட்டர் வழியாக மதிய வெயில் ரப்பர் வளையத் தட்டில் விழுகிறது, வளையம் இளகுகிறது, மெஷின் அழுத்தும்போது கோணிக்கொள்கிறது. வாய் தானாகத் திறந்தது.

"மார்ட்டின், கலைவாணி சொல்வது என்னவென்றால்..."

"சுமதி, நீ கொஞ்ச நேரம் சும்மா இருடி" என்றது பெட்டி. "நான்தான பேசிகினு இருக்கேன்? நானே சொல்லிக்கிறேன்."

திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

"என்ன சொல்கிறார்?" என்று மார்ட்டின் கேட்டார்.

அதை எப்படி மரியாதையாக மொழிபெயர்ப்பது என்று நான் யோசிப்பதற்குள், நிலா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பெட்டிப் பக்கம் குனிந்து, தெளிவான ஜெர்மனில், "அம்மாவைச் சும்மா இருக்கச் சொல்கிறார். அவரே பேசிக்கொள்வாராம்" என்றாள்.

மார்ட்டின் இருந்த அலுவலகத்தில் சிரிப்பு வெடித்தது. யாரோ ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும், ஒரகடத்தில் அதற்கு அப்புறம் வெடித்தது. கோபிநாத் சார் சிரிப்பதை நான் முதல்முறையாகக் கேட்டேன். நிலா, நான் இன்னா தப்பு செய்தேன் என்பதுபோல என்னைப் பார்த்தாள். அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். பிறகு கையை நீட்டி என் மைக்கை அணைத்தேன்.

கலைவாணி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். தட்டை ஷட்டரிலிருந்து நாலு மீட்டர் தள்ளி வைத்துப் பத்து நாள் பார்த்தாளாம், ஒரு பீஸ் கூட நிற்கவில்லை. அவள் ஆங்கிலத்தில் பாதி தமிழ், பாதி லைன் பாஷை. மார்ட்டின் குறுக்கே ஒரு கேள்வி கேட்டார், இவள் அவரை முடிக்க விடாமல் பதில் சொன்னாள். அவர் இன்னொன்று கேட்டார். புருவம் ஒரு தடவையும் உயரவில்லை. திரையில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சந்தோஷமாக இருந்தது. பதினோரு வருஷமாக நெஞ்சில் இருந்த ஒன்று இறங்கியது. அதே நேரம் கொஞ்சம் அழுகையும் வந்தது, அதை மறைப்பானேன். என்னால்தான் அவள் குரல் இங்கே கேட்கிறது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவள் பேசி முடிக்கும் முன்பே நான் பேசிவிட்டதில் எத்தனை முறை அவள் வாயை மூடிக்கொண்டாளோ, அதை எந்தப் போட்டோவும் காட்டாது.

கடைசியில் மார்ட்டின் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கலைவாணி, புது லைனுக்கு உங்களுக்கு எத்தனை பேர் வேண்டும்?" என்று கேட்டார்.

நான் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன். மைக் அணைந்திருந்தது. அவள் ஏற்கெனவே பெயர் பெயராகச் சொல்ல ஆரம்பித்திருந்தாள்.